கையளிக்கப்பட்ட வீடுகள்

1

போன மாதம் என் பேத்தி மீராவின் வகுப்பை ஜெனீவாவுக்கு அழைத்துப்போனார்கள். நாங்கள் இருக்கும் லொசான் நகரிலிருந்து அது ரயிலில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயணம். உலக நாடுகள் கூடியிருந்து, ஒவ்வொரு நாட்டின் மனித உரிமை நிலைமையையும் முறைவைத்து மீளாய்வு செய்யும் மண்டபத்தை மாணவர்களுக்குக் காட்டினார்களாம். பிறகு ஆசிரியை ஒரு வேலை கொடுத்திருக்கிறார். ஒவ்வொருவரும் தங்கள் குடும்பம் வந்த நாட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். மற்ற நாடுகள் அந்த நாட்டுக்கு வைத்த பரிந்துரைகளில் ஒன்றைத் தேர்ந்து, அதற்கு அந்த அரசாங்கம் என்ன பதில் சொன்னது என்பதை வகுப்பில் பேச வேண்டும்.

மீராவுக்குப் பதினாறு வயது. இங்கேயே பிறந்தவள். இலங்கையைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது கொஞ்சம். தன் அப்பப்பா ஓர் இறப்பர் தோட்டத்தில் பிறந்தவர் என்பது அந்தக் கொஞ்சத்தில் ஒன்று. அதனால் பெருந்தோட்டத் தொழிலாளருக்கு வீடும் காணியும் வழங்க வேண்டும் என்ற பரிந்துரையை எடுத்திருக்கிறாள். அரசாங்கத்தின் பதிலைக் கணினியில் தேடி வாசித்தபோது அதன் நடுவில் எங்கள் தோட்டத்தின் பெயரே இருந்திருக்கிறது.

இராச் சாப்பாட்டு மேசையில் அதைச் சொன்னாள். “அப்பப்பா, உங்கட தோட்டத்தின்ர பேர் அதில கிடக்கு. எல்லாருக்கும் வீடு கட்டிக் குடுத்திட்டினமாம். மீளாய்வாலை உண்மையா நன்மை நடந்ததுக்கு இது நல்ல உதாரணம் எண்டு டீச்சர் சொன்னவ.”

வகுப்பில் அவளுக்குத்தான் கூடிய புள்ளி. என் மகன் பெருமையோடு என்னைப் பார்த்தான். அப்பா இந்தப் பதில்களைத் தயாரிக்கும் அமைச்சில்தான் வேலை செய்தார் என்று அவளுக்கு நினைவுபடுத்தினான். மருமகள் எழுந்துபோய்க் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து இனிப்பு எடுத்து வந்து எல்லோருக்கும் வைத்தாள்.

மீரா வாசித்த வசனம் இது: “சப்ரகமுவ மாகாணத்தில் இத்தோட்டத்தில் வீடுகள் கட்டி முடிக்கப்பட்டுப் பயனாளிகளிடம் கையளிக்கப்பட்டுள்ளன.” தோட்டத்தின் பெயர் இருந்த இடத்தில் ‘இத்தோட்டத்தில்’ என்று போட்டிருக்கிறேன். அந்தப் பெயரை இனி எங்கும் எழுதமாட்டேன். ஒருமுறை எழுதியது போதும்.

அந்த வசனத்தை எழுதியவன் நான். அது பொய். அன்று மேசையில் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அதைச் சொல்லியிருக்கலாம். மருமகள் வைத்த இனிப்பைச் சாப்பிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

2

நான் இங்கே வந்து ஏழெட்டு வருடமாகிறது. மனைவி இறந்தபின் தனியாக இருக்க வேண்டாம் என்று மகன் கூப்பிட்டான். மருமகளின் பெற்றோர் யாழ்ப்பாணத்தார். வீட்டில் பேசுவது அவர்களுடைய தமிழ். எங்கள் பக்கத்தில் தாத்தா என்பார்கள். இங்கே நான் அப்பப்பா. நான் “வாங்க, போங்க” என்று பேசுவதைக் கேட்டு மீரா சின்ன வயதில் சிரிப்பாள். இப்போது அவளோடு பேசும்போது என்னை அறியாமலே “என்ன செய்யிறாய்” என்று கேட்கிறேன். அதையும் சரியாகச் சொல்வதில்லை என்று அவளுக்குச் சிரிப்பு வருகிறது. பிரெஞ்சு இன்னும் மோசம். மருந்துக் கடையில் அந்தப் பெண் நல்ல நாளாகட்டும் என்று வாழ்த்தினால், அவளுக்கு நல்ல பயணமாகட்டும் என்று சொல்லிவிட்டு வருகிறேன். அவள் கடையை விட்டு எங்கும் போகப் போவதில்லை.

தமிழ்க் கடை வைத்திருக்கும் குணம் என்பவர் என்னைச் சந்தித்த முதல் நாளே, “அண்ணை எவடம்?” என்று கேட்டார். கேகாலை என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப தோட்டப் பக்கமோ?” என்றார். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. ஆனாலும் அதன் பிறகு கத்தரிக்காயை எனக்காகப் பொறுக்கித் தரும்போதெல்லாம் அவர் குரலில் ஒரு தனி இரக்கம் இருக்கும். அந்த இரக்கம் எனக்குப் பழகிவிட்டது.

இரண்டு வருடத்துக்கு முன் என் தங்கை பார்வதியை ஒரு மாதம் இங்கே அழைத்து வைத்திருக்க ஆசைப்பட்டேன். அவள் இன்னும் தோட்டத்தில்தான் இருக்கிறாள். இறப்பர் பால் வெட்டி ஓய்வுபெற்றவள். கணவர் இறந்துவிட்டார். மகன், மருமகள், பேரப்பிள்ளைகளோடு நாங்கள் பிறந்த அதே லயத்தில், அந்த நீண்ட வரிசை வீடுகளில் அதே ஒற்றையறைக் காம்பராவில் இருக்கிறாள். அழைப்புக் கடிதத்துக்காக நகரசபைக் கந்தோருக்குப் போனேன். அங்கிருந்த அம்மா அவளுடைய முகவரியைக் கேட்டார். சொன்னேன். தெருவின் பெயர் என்ன என்றார். தெரு இல்லை. வீட்டு எண்? எண்ணும் இல்லை. கடிதம் எப்படிப் போய்ச் சேரும் என்று கேட்டார். தோட்டக் கந்தோருக்குப் போகும், அங்கே பிரட்டுக் களத்தில் காலையில் ஆட்களைக் கூப்பிட்டு வேலை பிரிக்கும்போது பெயர் சொல்லிக் கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். எண் இருக்க வேண்டிய கட்டத்தில் ஒரு கோடு போட்டார். கணினி அதை ஏற்கவில்லை. பூச்சியம் போட்டார். அதையும் ஏற்கவில்லை. அப்படியானால் உங்கள் தங்கைக்கு வீடு இல்லையா என்று கேட்டார். நான் இருக்கிறது என்றேன். பிறகு அவர் விண்ணப்பத்தை மெதுவாக என் பக்கம் தள்ளி வைத்தார்.

பார்வதியிடம் சொன்னபோது அவள் வருத்தப்படவில்லை. “ஒங்க ஊரு கம்ப்யூட்டருக்கே தெரிஞ்சிருக்கு அண்ணே, இது வீடு இல்லன்னு” என்றாள்.

3

அந்த வசனத்தை நான் எப்படி எழுதினேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

அப்பா பால் வெட்டினார். விடியமுன் மரத்துக்கு மரம் போய்ப் பட்டையைச் சீவி, சிரட்டையில் விழுந்த பாலை வாளியில் சேர்த்துத் தூக்கி வருவார். நான் தோட்டப் பள்ளியில் தொடங்கி, கேகாலையில் படித்து, பேராதனைக்குப் போய், கொழும்பில் அரசாங்க உத்தியோகத்தில் சேர்ந்தேன். எங்கள் லயத்தில் அப்படிப் போனவன் நான் ஒருவன்தான்.

தோட்டத் தமிழர்கள் பலரையும்போல, அப்பா தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் குடியுரிமை இல்லாமல் கழித்தவர். பிறந்தது இந்த மண்ணில். ஆனால் எந்த நாட்டுக்கும் உரியவர் அல்லர். கடைசியில் ஒரு கடதாசி வந்தது. அதைக் கையில் வாங்கியபோது அவர் அழுததை நான் பார்த்தேன். அதுவரை அவர் இந்த நாட்டில் இருக்கவில்லை என்பதுபோலவும், அந்தக் கடதாசி வந்த நிமிடத்திலிருந்துதான் இருக்கத் தொடங்கினார் என்பதுபோலவும் நடந்துகொண்டார். எங்கள் ஆட்களுக்கு இது ஒரு தனி நம்பிக்கை. மற்றவர்களுக்கு ஒன்று நடந்த பிறகு அதை எழுதுவார்கள். எங்களுக்கு எழுதினால்தான் அது நடக்கும். படித்துப் பட்டம் பெற்று அமைச்சில் வேலை பார்த்த எனக்கும் அந்த நம்பிக்கை போகவில்லை.

ஜெனீவா மீளாய்வுக்கான பதில்களைத் தயாரிக்கும் குழுவில் நான் பல வருடம் இருந்தேன். வேலை இப்படித்தான் நடக்கும். மற்ற நாடுகள் சொன்ன பரிந்துரைகள் வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் ஏற்கிறோம் என்றோ, கவனத்தில் எடுத்துக்கொண்டோம் என்றோ பதில் எழுத வேண்டும். இரண்டாவது பதிலின் பொருள் செய்யமாட்டோம் என்பதுதான். அது எல்லோருக்கும் தெரியும். ஏற்கிறோம் என்று எழுதினால் அதன் கீழே ஏற்கெனவே என்ன செய்திருக்கிறோம் என்று காட்டுவது வழக்கம். அதில் ஓர் உத்தி உண்டு. நான்தான் அதைக் குழுவிலிருந்த இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். பொதுவாக எழுதினால் கேள்வி கேட்பார்கள். ஓர் ஊரின் பெயரைப் போட்டு எழுதினால் யாரும் மேலே கேட்கமாட்டார்கள்.

தோட்ட வீடுகள் பற்றிய பரிந்துரை வந்தபோது எங்கள் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார். சிங்களவர், கண்ணியமான மனிதர். உங்கள் பக்கத்து இடங்கள் உங்களுக்குத்தானே தெரியும், நல்ல உதாரணம் ஒன்று கொடுங்கள் என்றார். நான் எங்கள் தோட்டத்தைச் சொன்னேன். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் அங்கே வீடு கையளிக்கும் விழா நடந்திருந்தது. அமைச்சரோடு நானும் ஜீப்பில் போயிருந்தேன். லயங்களுக்கு மேலே, மலையின் உறுதியான பக்கத்தில், ஒரு வரிசைச் சுவர்கள் எழுந்திருந்தன. முன்பக்கம் வெள்ளையடித்து ஒவ்வொரு வாசலிலும் எண் எழுதியிருந்தார்கள். கூரை இல்லை. கதவில்லை, தண்ணீர் இல்லை, மின்சாரம் இல்லை. அமைச்சர் தங்கநிறக் கடதாசி ஒட்டிய பெரிய அட்டைச் சாவி ஒன்றை எடுத்து பார்வதியின் கணவர் கையில் கொடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். பார்வதி கூட்டத்துக்குள்ளிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் கைதட்டினேன்.

முடிந்துவிட்டதா என்று மேலதிகாரி கேட்டார். முடிந்த மாதிரித்தான் என்றேன். அவர் என்னை நம்பினார். அதனால் இதில் அவர் மேல் குற்றமில்லை.

ஏன் அப்படிச் சொன்னேன்? ஜெனீவாவில் உலகத்தின் முன்னால் முடிந்தது என்று சொல்லிவிட்டால், முடிக்காமல் விட எந்த அரசாங்கத்துக்கும் துணிவு வராது என்று கணக்குப் போட்டேன். என் எழுத்தே கூரையைப் போட்டுவிடும் என்று நினைத்தேன். அப்பாவின் கையில் அந்தக் கடதாசி செய்ததை என் வசனம் பார்வதிக்குச் செய்யும் என்று நினைத்தேன். அதோடு வேறொன்றும் இருந்தது. அப்பா வாளி தூக்கிய தோட்டத்தின் பெயர் அந்த மண்டபத்தில் வாசிக்கப்படும் என்ற ஆசை. வாசித்தார்கள். அன்றே பார்வதிக்குப் போன் பண்ணிச் சொன்னேன். அவள் லயம் முழுவதும் போய்ச் சொல்லியிருக்கிறாள். மாரியம்மன் கோயிலில் என் பெயருக்கு அர்ச்சனை செய்தார்களாம்.

4

கூரை வரவில்லை. முடிந்த வேலைக்கு யார் பணம் ஒதுக்குவார்கள்? சுவர்களுக்குள் மானாப் புல் ஆளுயரம் வளர்ந்தது. நான் ஓய்வுபெற்றேன். பிரியாவிடைக் கூட்டத்தில் என் எழுத்துத் திறமையைப் பற்றிப் பேசினார்கள். பிறகு இங்கே வந்துவிட்டேன். அடுத்த மீளாய்வு வந்தபோதும் அதே வசனம் அப்படியே போயிருக்கிறது. அதைத்தான் மீரா கண்டெடுத்தாள்.

போன மழைக்காலத்தில் லயத்துக்குப் பின்னாலுள்ள மேட்டில் வெடிப்பு விழுந்தது. மண்சரிவு பார்க்கும் அதிகாரிகள் வந்து அளந்தார்கள். லயத்தின் கடைசியிலுள்ள தொங்கல் வீட்டுச் சுவரில் சிவப்பு அறிவித்தல் ஒட்டினார்கள். இங்கே குடியிருப்பது ஆபத்து, உடனே வெளியேற வேண்டும் என்று அதில் இருந்ததாம். எங்கே போவது என்று அதில் இல்லை. மழை பிடித்த இரவுகளில் ஆட்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு தோட்டப் பள்ளிக்குப் போய்ப் படுத்தார்கள். காலையில் பிள்ளைகளுக்குப் பாடம் நடக்க வேண்டும் என்பதால் விடிந்ததும் திரும்பி அதே லயத்துக்கு வருவார்கள்.

மாற்று வீடு கேட்டுப் பார்வதி தன் மருமகளோடு பிரதேச செயலகத்துக்குப் போனாள். பார்வதிக்குச் சிங்களம் என்னைவிட நன்றாக வரும். அங்கிருந்த எழுதுவினைஞர் கணினியைத் திறந்து பார்த்துவிட்டு, “அம்மே, ஒயாலட்ட கெவல் தீலானே” என்றாராம். உங்களுக்குத்தான் வீடு கொடுத்தாகிவிட்டதே என்று அர்த்தம். கூரையில்லாத சுவரை வந்து பாருங்கள் என்று அவள் சொன்னாள். நல்ல பையன்தானாம். தேநீர்கூட வாங்கிக் கொடுத்தானாம். ஆனால் உங்கள் தோட்டம் முடிந்த பட்டியலில் இருக்கிறது, இது ஜெனீவா வரைக்கும் போய் வந்த விஷயம், இதை நான் எப்படியம்மா மாற்றுவது என்று கேட்டானாம்.

இதையெல்லாம் அவள் எனக்குத் தொலைபேசியில் சொன்னாள். இங்கே காலை, அங்கே அடுப்பில் சோறு வேகும் நேரம். அவளே தொடர்ந்தாள்.

“வீடு கிடைக்கலன்னு யாரு சொன்னா? பக்கத்துக் காம்பரா ராமாயியோட ஆடு அங்கதானே குடியிருக்கு. ஒங்க அண்ணன் எங்க ஆட்டுக்குத்தான் எழுதிக் கொடுத்தாரான்னு கேக்குறா.”

“பார்வதி, அது என்னுடைய தப்பு.”

“தப்பு யாரோடதா இருந்தா என்னாண்ணே? மழ அதக் கேட்டுட்டா வருது?” என்றாள். பிறகு, “ஜெனீவா ஒங்களுக்குப் பக்கந்தானே. ஒருக்கா போய் சொல்லிட்டு வாங்களேன். நீங்க எழுதினத நீங்களே அழிச்சிட்டா சரியாப் போகும். இந்த மழைக்கு முன்னுக்கு செஞ்சிருங்க” என்றாள்.

கேகாலைக்குப் போய்க் கருவாடு வாங்கி வாருங்கள் என்பதுபோலச் சொன்னாள். அவள் சொன்னதில் பிழையில்லை. நாற்பது நிமிடப் பயணம்தான். அவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு இத்தனை வருடமாகப் போகாமல் இருந்தவன் நான்.

5

குணம் கடையில் போய்க் கேட்டேன். ஜெனீவாவில் கூட்டம் நடக்கும்போதெல்லாம் அவர் பதாகையோடு போய்வருபவர். உள்ளே போக வழி தெரிந்தவர்கள் அவருக்குப் பழக்கம். நான் முழுக்கதையையும் சொன்னேன். வெளியாள் ஒருவரிடம் இதைச் சொன்னது அதுதான் முதல்முறை. அவர் தராசைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“காணாமல்போன எங்கட பிள்ளையளைத் தேடித் தா எண்டு இவ்வளவு காலம் நிக்கிறம், ஒருத்தனும் கேக்கேல்லை. உங்கட கூரையை ஆர் அண்ணை கேக்கப்போறாங்கள்?” என்றார். ஆனால் அடுத்த வாரமே அனுமதி எடுத்துத் தந்தார். தானே கூட வந்தார். கடையை அன்று பூட்டிவிட்டார். ரயிலில் எனக்கு ஜன்னல் பக்கத்தைக் கொடுத்தார். ஏரி முழுவதும் வெயிலாக இருந்தது.

பெரிய மண்டபத்தில் பேச எங்களுக்கு இடமில்லை. பக்கத்தில் சின்ன அறை ஒன்றில் இலங்கை அரசாங்கப் பிரதிநிதிகள் பொது அமைப்புகளைச் சந்தித்தார்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம். என் முறை வந்தபோது எழுந்து ஆங்கிலத்தில் சொன்னேன். நான் அமைச்சின் முன்னாள் அதிகாரி. உங்கள் பதிலில் உள்ள இந்த வசனத்தை எழுதியவன் நான். அது உண்மையல்ல. அந்த வீடுகளுக்குக் கூரை இல்லை. அந்த வசனத்தால்தான் அங்குள்ளவர்களுக்கு வீடு மறுக்கப்படுகிறது. அவர்கள் சரியப்போகும் மேட்டின் கீழே இருக்கிறார்கள். தயவுசெய்து அதை நீக்குங்கள்.

என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தேன்? யாராவது கோபப்படுவார்கள், என்னைப் பொய்யன் என்பார்கள் என்று நினைத்தேன். தலைமை வகித்தவர் எனக்கு நன்றி சொன்னார். உங்கள் கருத்து கவனத்தில் எடுக்கப்பட்டது என்றார். அடுத்த ஆளைப் பேச அழைத்தார். என் பேச்சை எழுதிக்கொண்ட பெண் பேனாவை மூடிவைத்தாள்.

அந்தப் பெண் வனிதா. பலாங்கொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்தவள். அவளை எங்கள் குழுவில் சேர்த்துக்கொள்ளும்படி ஒரு காலத்தில் நான்தான் மேலதிகாரியிடம் பேசினேன். கூட்டம் முடிந்ததும் கோப்பி இயந்திரத்தின் பக்கம் நின்று என்னைக் கூப்பிட்டாள். குனிந்து என் காலைத் தொட்டாள். அந்த இடத்தில், அத்தனை வெள்ளைக்காரர்களுக்கு நடுவே.

“சேர் வந்திருக்கக் கூடாது” என்றாள்.

அதை நீக்க முடியாதா என்று கேட்டேன்.

“நா போன தடவையே கேட்டேன் சேர். நா ஊருக்குப் போற வழியில ஒங்க தோட்டத்துக்குப் போய்ப் பாத்துட்டுத்தான் வந்தேன். கூரை இல்லன்னு எனக்குத் தெரியும். மாத்தணும்னு மேல சொன்னேன். மாத்தினா அதுக்கு முந்தி சொன்னது பொய்யான்னு எல்லா நாடும் கேக்கும், பொய்ன்னா எழுதினது யாருன்னு கேட்டாங்க.” ஒரு கோப்பியை எடுத்து என்னிடம் தந்தாள். “ஒங்க பேரச் சொல்ல எனக்கு மனசு வரல்ல. அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.”

“இப்ப சொல்லிரும்மா. நானே சொல்லியாச்சே.”

“இப்ப சொன்னா எனக்கு முன்னமே தெரியும்னு ஆயிரும் சேர்.”

அவளுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். வேறு வழியே இல்லையா என்று கேட்டேன். அடுத்த மீளாய்வில் ஏதாவது ஒரு நாடு எங்கள் தோட்டத்துக்குப் புதிதாக வீடு கட்டும்படி பரிந்துரைத்தால் தாங்கள் அதை ஏற்றுக்கொள்ளலாம் என்றாள். அதற்கு இன்னும் நாலைந்து வருடம் ஆகும். அவள் கேலியாகச் சொல்லவில்லை. அந்த வேலை அப்படித்தான் நடக்கும். நான்தான் அவளுக்கு அதைப் பழக்கினேன்.

திரும்பும் ரயிலிலும் குணம் என் பக்கத்தில் உட்கார்ந்தார். தன் பையிலிருந்து இரண்டு வாழைப்பழம் எடுத்து ஒன்றை எனக்குத் தந்தார். இறங்கும்போது மட்டும், “இரண்டு நிமிசம் தந்தவங்கள் எல்லே, அண்ணை. எங்களுக்கு அதுவும் கிடைக்கிறேல்லை” என்றார்.

6

போன கிழமை அங்கே மழை பிடித்தது. மூன்று நாளாகப் பார்வதியின் தொலைபேசி வேலை செய்யவில்லை. கேகாலை மாவட்டத்தில் மண்சரிவு என்று செய்தியில் ஒரு வரி ஓடியது. எந்த இடம் என்று இல்லை. நான் தேநீர் ஊற்றி வைப்பேன், குடிக்காமல் ஆறிப்போகும். மகன் வேலைக்குப் போகும்முன் என் அறைக் கதவருகே வந்து நின்றுவிட்டுப் போனான். அவனிடமும் அதுவரை நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அந்த மூன்று நாளில்தான் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கட்டிலில் உட்கார்ந்து கேட்டான். முடிந்ததும், “மீராவிட்ட நீங்களே சொல்லுங்கோப்பா” என்று மட்டும் சொன்னான். அவனும் அவர்களுடைய தமிழில்தான் பேசுகிறான்.

நாலாம் நாள் சனிக்கிழமை. காலையில் பார்வதியே வீடியோவில் அழைத்தாள். மீரா என் பக்கத்தில் இருந்தாள். பார்வதியின் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. எல்லோரும் சுகம் என்றாள். மேடு இறங்கிவிட்டது. லயத்தின் தொங்கல் பக்கத்து இரண்டு காம்பரா மண்ணுக்குள் போய்விட்டன. ஆட்கள் பள்ளியில் இருந்ததால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இனி அந்த லயத்தில் இருக்க முடியாது, பள்ளியிலும் இருக்க விடமாட்டார்கள்.

“அப்ப எங்க இருக்கீங்க?” என்று கேட்டேன்.

அவள் தொலைபேசியைத் திருப்பிக் காட்டினாள். பாதி உரிந்த வெள்ளைச் சுவர். அதன் மேல் நீலத் தரப்பாள் ஒன்றைக் கட்டி, பறக்காமல் இருக்கக் கல்லைத் தொங்கவிட்டிருந்தார்கள். தரப்பாளின் நடுவில் மழைத் தண்ணீர் தேங்கித் தொங்கியது. அவளுடைய மகன் ஒரு தடியால் அதைக் கீழிருந்து குத்தி வெளியே தள்ளிக்கொண்டிருந்தான். பெட்டிகள், சட்டி பானை, சாமி படங்கள் எல்லாம் ஒரு மூலையில் இருந்தன. புல்லை வெட்டியிருந்தார்கள். தரையெல்லாம் சேறு.

“பாத்தீங்களாண்ணே, குடி வந்துட்டோம். நீங்க எழுதினது இப்பத்தான் உண்மையாச்சு” என்றாள்.

அவள் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. என்னை ஆறுதல்படுத்தத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வாசலில் இருந்த எண்ணையும் காட்டினாள். ஏழு. “நம்பர் இல்லன்னுதானே அந்த வெள்ளக்காரம்மா சொன்னாங்க. இப்ப இருக்குன்னு சொல்லுங்க” என்று சிரித்தாள். நானும் ஏதாவது கேட்க வேண்டுமே என்று, ராமாயியின் ஆட்டை என்ன செய்தீர்கள் என்றேன். அதை மழையில் விரட்டிவிட மனமில்லாமல் எட்டாம் நம்பரில் கட்டியிருக்கிறார்களாம். எட்டாம் நம்பர் குடும்பமும் ஆடும் ஒன்றாக இருக்கிறார்கள்.

பிறகு, நான் கேட்காமலே, முந்தின நாள் அதிகாரிகள் வந்து போனதைச் சொன்னாள். தரப்பாள் தந்ததும் அவர்கள்தானாம். குடும்பத்தோடு வாசலில் நிற்கவைத்து, வீட்டு நம்பர் தெரிகிற மாதிரி படம் எடுத்தார்களாம். “சிரிங்கன்னு சொன்னாங்க. நல்லாத்தான் வந்திருக்குன்னு காட்டினாங்க. மேல தரப்பாளு தெரியல்ல.”

அந்தப் படம் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். அடுத்த மீளாய்வில் என் வசனத்தின் கீழே அதை வைப்பார்கள். வசனத்திலும் இரண்டு சொற்கள் கூடும்: ‘பயனாளிகள் குடியேறியுள்ளனர்’. வனிதாவோ, வனிதாவிடம் பழகிய வேறொரு பிள்ளையோ அதை எழுதும். இனி அதை யாரும் பொய் என்று சொல்ல முடியாது. கூரையும் இனி வராது.

அழைப்பு முடிந்த பிறகும் மீரா என் பக்கத்திலேயே இருந்தாள். அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். விழா, அட்டைச் சாவி, நான் எழுதியது, ஏன் எழுதினேன் என்பது, ஜெனீவாவில் நடந்தது. தமிழில் அவளுக்கு விளங்காத இடங்களை ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் கையில் தொலைபேசி இருந்தது. வகுப்பில் பேசுவதற்காக எடுத்து வைத்திருந்த அந்தப் பதிலைத் திறந்து, நான் சொல்லச் சொல்ல அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப கூரை எப்ப போடுவினம்?” என்று கேட்டாள்.

என் நாக்கில் முதலில் வந்தது, அதற்கான நடவடிக்கைகள் எடுக்கப்பட்டு வருகின்றன என்பதுதான். நாற்பது வருடப் பழக்கம். அதை விழுங்கிக்கொண்டேன்.

“போடமாட்டாங்க” என்றேன்.

மீரா திரையை என் பக்கம் திருப்பினாள். பரிந்துரைக்கு எதிரே அரசாங்கத்தின் பதில் இருந்த இடத்தில் விரலை வைத்தாள். என் மேல் அவளுக்குக் கோபமில்லை. ஒரு சின்னப் பிழையைத் திருத்துவதுபோல, அன்போடுதான் சொன்னாள்.

“இல்லை அப்பப்பா. ஏற்கிறம் எண்டு எழுதியெல்லோ இருக்கு.”